நளீமா ராத்தாவின் சவனும் நான் எடுத்துக் கொடுத்த சாவியும்

எங்கள் கார் ஓட்டக்காரர்களின் ட்ராக் நாளுக்குக் கோடு போடுவதற்குச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. மாத்தளை நகரில் நான் வழக்கமாகப் போகும் ஹார்ட்வெயார் கடை. இரண்டு மூட்டை போதுமா, மூன்று வேண்டுமா என்று நளீமா ராத்தாவிடம் கேட்பதற்காகக் கைபேசியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து சமனின் அழைப்பு வந்தது. சமன் தம்புள்ளைப் பாதையில் பஸ் ஓட்டுபவர். எங்கள் ட்ராக் நாளில் கொடி பிடிப்பவர்களுக்கெல்லாம் தலைவர். என்னோடு எப்போதும் தமிழில்தான் பேசுவார். தமிழ் உடைந்தாலும் விடமாட்டார். அன்றைக்கு அவருக்குத் தமிழ் வரவில்லை.

"மாஸ்டர், அக்கா நெத்தி உனா," என்றார். அக்கா இல்லாமல் போய்விட்டார் என்பதற்குச் சிங்களம்.

எந்த அக்கா என்று கேட்டேன். விளங்காமல் கேட்கவில்லை. விளங்கியதை இன்னும் அரை நிமிடம் தள்ளிப்போடலாம் என்ற நப்பாசையில் கேட்டேன்.

"நம்ம பிரேக் அக்கா, மாஸ்டர். கடையிலே. இப்பதான்."

காலையில் கடையைத் திறந்து, நெஞ்சுக்குள் ஏதோ பிடிக்கிறது என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்தவர் மறுபடி எழும்பவில்லை. கடைக்காரர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, எங்கே ஏற்றுவது என்று கேட்டபடி நின்றார். 

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நளீமா ராத்தா மாத்தளையில் பிரேக் லைனிங் கடை நடத்தியவர். தேய்ந்த பிரேக் ஷூவில் புதுப் பட்டை ஒட்டிக் கொடுப்பதும், ட்ரம்மைக் கடைந்து கொடுப்பதும் கடையின் தொழில். கடைசல் இயந்திரம் அவருடைய கணவர் ரஷீத் நானாவின் பொறுப்பு. மற்ற எல்லாம் ராத்தாவின் பொறுப்பு. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு, பெரிய ஓட்டுநர் என்ற நினைப்பில் பல காலம் அலைந்தவன். ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா; என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும் கூட.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் நன்றாகத்தான் பேசினார். பேச்சின் நடுவே, "ராத்தாவிடம் அன்றைக்கு ஒரு சின்னக் கவனக்குறைவு ஏற்பட்டது உண்மைதான், அதற்காக அவர் செய்த சேவையை நாம் மறந்துவிடக்கூடாது," என்றார். பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைத்து நாலு பேர் தலையாட்டினார்கள். ரஷீத் நானா முன்வரிசையில் தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். எழும்பவில்லை.

இப்போது ட்ராக் நாள் மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு பக்கம், நல்ல விசயமா எழுதுங்க மாஸ்டர். சர்ச்சை ஒண்ணும் வேணாம்," என்பது கட்டளை. நல்ல விஷயமாகவே எழுதுகிறேன். அந்தக் கவனக்குறைவு ராத்தாவுடையது அல்ல, என்னுடையது. இதைவிட நல்ல விஷயம் என்னிடம் இல்லை. குழு இதை வெட்டினால் வெட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர்களுக்கான அறிவுறுத்தலின்போது மைக் என் கையில்தான் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் வாசிப்பேன்.

இந்த ட்ராக் நாள் தொடங்கியதே ஒரு சண்டையில்தான். ஞாயிறு காலைகளில் ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் கார்களில் போட்டிக்கு ஓடுகிற கூட்டம் ஒன்று இருந்தது. நானும் அதில் ஒருவன். எப்போதும் கடைசியில் வருகிறவன். ஒரு முறை எங்களில் ஒருவரின் கார் வளைவில் மதிலோடு மோதியது. அதை இழுத்துக்கொண்டு நேரே ராத்தாவின் கடை வாசலுக்குப் போய், போன கிழமை நீங்கள் போட்ட லைனிங் பிடிக்கவில்லை என்று நியாயம் கேட்டோம். ராத்தா நான்கு சக்கரங்களையும் கழற்றவைத்து, ஒவ்வொரு ஷூவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் தடவி முகர்ந்தார். பிறகு ஷூக்களைக் கார் ஓட்டியவரின் கையிலேயே கொடுத்தார்.

"பிரேக் நல்லாத்தான் இரிக்கு. சூடேறின அடையாளமே இல்ல. நீங்க மிதிக்கவே இல்லியே வாப்பா."

அதோடு அவர் விடவில்லை.

"வேகமா ஓட்ட ஆசையா இரிக்கா? ஓட்டுங்க. ஆசைப்படுறது குத்தமில்ல. ஆனா எதிர்ல பஸ் வராத எடத்துல ஓட்டுங்க. அப்பிடி ஒரு எடம் தேடுங்க. பிரேக் பாக்க நான் வாறன்."

இடத்தைத் தேடியவரும் கடைசியில் அவர்தான். நாலந்தாவுக்கு அப்பால் பல வருடங்களாக மூடிக்கிடக்கிற நெசவாலை ஒன்று இருக்கிறது. லொறிகள் திரும்புவதற்காகக் கட்டிய அகன்ற சீமெந்து முற்றம். ஆலையைச் சுற்றி ஓடும் தார்ப்பாதை. முற்றம் ட்ரிஃப்டுக்கு, அதாவது காரின் பின்பக்கத்தைச் சறுக்கவிட்டபடியே வளைவெடுக்கிற வித்தைக்கு. தார்ப்பாதை சுற்றோட்டத்துக்கு. உரிமையாளர்களைக் கண்டுபிடித்ததும், அனுமதி தரும் அலுவலகத்தின் வாங்கில் காத்துக்கிடந்ததும் ராத்தா. பொம்பிளை ஒருத்திக்கு இது என்னத்துக்கு என்று ஊரில் பேசினார்கள். எங்கள் கூட்டத்துக்குள்ளேயே பேசினார்கள். "எனக்கு என்னத்துக்கா? பிரேக் என்ட தொழில். நீங்க எல்லாரும் வேகத்தப் பத்திப் பேசுங்க. நிப்பாட்டுறதப் பத்திப் பேச ஒரு ஆள் வேணுமே," என்பார். அதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

சவன் என்பது முஸ்லிம் வீட்டு விருந்துகளில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டம். முதலாவது ட்ராக் நாளன்று மதியச் சாப்பாட்டுக்காக ராத்தா வேனில் பத்துச் சவன்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் விளிம்பு நசுங்கிய ஒன்றை எடுத்துப் பதிவு மேசையில் வைத்தார். எல்லாரும் சாவியை இதில் போடுங்கள் என்றார். நாங்கள் என்னவோ ஏதோ என்று போட்டோம். போட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. ராத்தா பிரேக்கைப் பார்த்துத் தன் கையால் எடுத்துத் தந்தாலொழிய எவருக்கும் சாவி திரும்பக் கிடைக்காது.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதல்ல. பிரேக் ஒயிலில் ஒரு துளியை வெள்ளைத் துணியில் விட்டு நிறம் பார்ப்பார். பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நிதானமாகப் பதினைந்து வரை எண்ணுவார். அதற்குள் பெடல் மெல்ல இறங்கினால் சாவி சவனில்தான். பிறகு சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்தச் சொல்வார். எல்லாம் சரி என்றால் "பிஸ்மில்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிச் சாவியை நீட்டுவார். வஹகோட்டையிலிருந்து வருகிறவர்கள் சிலுவை அடையாளம் போட்டு வாங்குவார்கள். சமன் நெற்றியில் தொட்டு வாங்குவார். நான் "தேங்ஸ் ராத்தா" என்பேன். சமனின் காருக்கே முதல் இரண்டு தடவையும் சாவி கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு நாள் முழுக்கக் கொடி பிடித்தார். கொடிக்காரர்களுக்குத் தலைவரானது அப்படித்தான்.

"சாவி சவன்ல இரிக்கு மட்டும் அது ஒங்கட கார் இல்ல. என்ட கார்." இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

ராத்தாவுக்கு வேகம் பிடிக்காது என்று ஒரு கதை உலவுகிறது. அதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஒரு ட்ராக் நாளுக்கு முந்திய பின்னேரம், மழை விட்டிருந்த நேரம். நான் மைக் பெட்டியை வைப்பதற்காக ஆலைக்குப் போனேன். முற்றத்தில் யாரோ வேன் ஓட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ராத்தாவின் பழைய டெலிவரி வேன். ஈரச் சீமெந்தில் பின்பக்கத்தை வீசி, ஒரு முழு வட்டம் சறுக்கி, சொல்லிவைத்தாற்போல் சுண்ணாம்புக் கோட்டில் வந்து நின்றது. உள்ளே இருந்த காலிப் பெட்டிகளெல்லாம் உருண்டன. ராத்தா இறங்கி, தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். என்னைக் கண்டார்.

"மாஸ்டர், நீங்க ஒண்டும் காணல்ல."

"ஒண்ணும் காணலிங்க ராத்தா."

"நல்லம். அந்தப் பெட்டியக் கொஞ்சம் புடிங்க."

இத்தனை வருடம் காணாமலே இருந்தேன். ராத்தா, மன்னியுங்கள், கண்டேன். எங்கள் ஆட்கள் பலரைவிட நன்றாகவே இருந்தது.

இனி அந்த நாள். டயர் கொடுத்து எங்களுக்கு உதவுகிற முதலாளி ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். பெயர் வேண்டாம். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. விலையுயர்ந்த கார், புத்தம்புது டயர்கள், படம் பிடிக்க ஆட்கள். பிந்தி வந்தார். சாவியைச் சவனில் போட்டுவிட்டு, மைக் மேசையில் இருந்த என்னிடம் பேச்சுக் கொடுத்தார். நான் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அவருடைய அப்பாவும் அதே பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவராம்.

"நம்ம பக்கத்துல இருந்து ஒருத்தர் இப்பிடி மைக் புடிச்சு, எல்லாரையும் நடத்துறதப் பாக்க எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமாங்க சேர்," என்றார்.

அந்த "சேர்" என் தலைக்கேறியது. வகுப்பில் நாள் முழுக்கக் கேட்கிற சொல்தான். ஆனால் அப்படியொரு காரின் சொந்தக்காரர் வாயால் கேட்பது வேறு. ராத்தா அப்போது தொலைவில் வேறொரு காரின் அடியில் படுத்திருந்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "படம் எடுக்கிறவங்களுக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னால முடிக்கணுமாம். புதுசு மாதிரி வண்டிங்க சேர், இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

என்ன இருக்கு என்று நானும் நினைத்தேன். வலது கையில் மைக் இருந்தது. இடது கையால் சவனிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "இப்போது தடத்துக்கு வருகிறார் எங்கள் அன்புக்குரிய விருந்தினர்," என்று ஒலிபெருக்கியில் வேறு முழங்கினேன்.

நாலாவது சுற்றில், பழைய கொதிகலன் அறைக்குப் பக்கத்து வளைவில் அந்தக் கார் வளையவில்லை. பெடல் தரைமட்டும் போய்விட்டது. வாங்கிய நாளிலிருந்து மாற்றாத பிரேக் ஒயில் சூடேறிக் கொதித்திருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டிருந்தால் தெரிந்திருக்கும். கார் டயர் அரணைப் பிளந்து, கம்பி வேலியைச் சாய்த்து, ஒரு கொங்கிறீட் தூணில் மோதி நின்றது. தூணுக்கு அந்தப் பக்கம் நீலத் தறப்பாளின் கீழே பார்க்க வந்த குடும்பங்கள் இருந்தன. சோற்றுப் பார்சலை மடியில் பிரித்து வைத்திருந்த ஒரு பெண்ணுக்கும் காரின் முன்பக்கத்துக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கும் இடம்தான் இருந்தது. அவர் கத்தவில்லை. பார்சலை மூடினார். முதலாளிக்கு உதடு கிழிந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

சமன் சிவப்புக் கொடியை உயர்த்தினார். ராத்தா காரின் அடியிலிருந்து எழும்பி ஓடி வந்தார். முதலில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு மேசைக்கு வந்து சவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாச் சாவியும் சவனுக்கு. இண்டைக்கு முடிஞ்சி," என்றார்.

காலை பதினொரு மணி. முற்றம் நிறையக் கார்கள். அனுராதபுரத்திலிருந்து விடியமுன் புறப்பட்டு வந்தவர்கள், லீவு எடுத்து வந்தவர்கள் என்று எல்லாரும் கத்தினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, வேலியை நாங்களே கட்டிவிடுகிறோம், வெளியே தெரியாமல் மதியத்துக்குப் பிறகு தொடங்கலாம் என்று குழுத் தலைவர் சொன்னார். நானும் அப்படித்தான் சொன்னேன். அதையும் எழுதுகிறேன், மறைக்கவில்லை. ராத்தா ஒரு தாளில் நடந்ததைச் சிங்களத்தில் எழுதி, மறுநாள் காலையில் அனுமதி தந்த அலுவலகத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

விசாரணைக்கு ராத்தாவை அழைத்தார்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என்னையும் கூப்பிடுவார்கள், சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் வசனம் கூடத் தயாரித்து வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. கதவைத் திறந்து நானே உள்ளே போயிருக்கலாம். கதவு பூட்டியிருக்கவில்லை. ராத்தா வெளியே வந்தபோது, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சாவி என்ட சவன்ல இருந்து போச்சு, பாக்காமப் போச்சு, பொறுப்பு நான் எண்டு சொன்னன்."

"எடுத்துக் குடுத்தது நான்தானேங்க ராத்தா. ஏன் என் பேரச் சொல்லல?"

"சவன் என்ட. அத ஆள் இல்லாம வெச்சிட்டுப் போனதும் நான். அதுக்கு மேல கையத் தேடுறது அவங்கட வேல இல்ல." வேன் கதவைத் திறந்துகொண்டே திரும்பினார். "ஒங்களுக்கு வெக்கமா இரிக்கா?"

ஆமாம் என்றேன்.

"நல்லம். அதத் தொலைச்சிராதீங்க. பத்திரமா வெச்சிக்கோங்க. அடுத்த முற சாவி குடுக்கக்கொள்ள ஒதவும்."

ஒரு வருடத்துக்கு ட்ராக் நாளைத் தடைசெய்தார்கள். அந்த ஒரு வருடத்தில் எங்கள் ஆட்கள் ராத்தாவுக்குச் செய்தவற்றை இங்கே பட்டியல் போடப்போவதில்லை. செய்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். பிரேக் வேலையைக் கண்டிக்குக் கொண்டுபோனீர்கள். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டவள் என்று கைபேசிக் குழுக்களில் எழுதினீர்கள். ஒரு நாள் காலையில் கடை ஷட்டரில் யாரோ சோக்குக் கட்டியினால் "நாளைக் கெடுத்தவள்" என்று எழுதியிருந்தார்கள். நான் ஈரத் துணியோடு ஓடினேன். ராத்தா என்னைத் தடுத்தார்.

"என்னத்துக்கு மாஸ்டர் மெனக்கெடுறீங்க? ஷட்டர் மேல போனா எழுத்தும் மேல போயிரும்." அப்படியே தூக்கிவிட்டார். எழுத்து சுருண்டு உள்ளே போனது. கடை திறந்திருந்தது. ஒவ்வொரு இரவும் அந்த எழுத்து தெருவுக்குத் தெரியும், ஒவ்வொரு காலையும் உள்ளே போகும். மழைதான் கடைசியில் அதை அழித்தது. நான் எழுதவேண்டிய மறுப்பை ஒரு நாளும் எழுதவில்லை.

ட்ராக் நாள் இல்லாமல் போனதும் ஞாயிறு காலைகளில் ரிவர்ஸ்டன் பாதை மறுபடி சூடுபிடித்தது. இதற்கும் ராத்தாதான் காரணம் என்றார்கள். அவர் வாதாடவில்லை. ஒரு ஞாயிறு விடிந்தபோது, ரத்தோட்டையில் கார்கள் கூடுகிற இடத்துக்கு அந்த டெலிவரி வேனில் போய்ச் சேர்ந்தார். கார்கள் புறப்பட்டதும் அவற்றுக்கு முன்னால் வேனைச் செலுத்தினார். சட்டப்படி, தன் பாதையில், மிக மிக மெதுவாக. தேயிலை மலையைச் சுற்றிப் போகிற அந்த ஒடுங்கிய பாதையில் வேனை முந்த வழியே இல்லை. நான் பக்கத்து ஆசனத்தில் இருந்தேன். பின்னால் ஹோர்ன் சத்தத்தில் மலை அதிர்ந்தது. ராத்தா கண்ணாடியைக் கூடப் பார்க்கவில்லை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பாதைக் கரையோரமாக வரிசையாக நடந்துபோனார்கள். அவர்களில் ஒருத்தி வேனைப் பார்த்துக் கையசைத்தாள்.

"இந்தப் புள்ளைகள் இந்த நேரத்துல நடக்குறது இவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் ஓடுறாங்க," என்றார். பிறகு மேலே மூடுபனியில் நிறுத்தி, ஃப்ளாஸ்க்கிலிருந்து பாலில்லாத ப்ளேன்டீ ஊற்றினார். பின்னால் வந்தவர்களுக்கும் ஊற்றினார். இரண்டு பேர் குடித்தார்கள், மற்றவர்கள் முறைத்தார்கள். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். தடை முடிகிற வரைக்கும் ஒரு ஞாயிறு தவறவில்லை. கடைசி மாதங்களில் ப்ளேன்டீக்காகவே வந்தவர்கள் இருந்தார்கள்.

தடை நீங்கி, புது அனுமதிக் கடிதம் கிடைத்து, நாள் குறித்து, சுண்ணாம்பு வாங்கப் போன நேரத்தில்தான் அவர் போனார்.

ஜனாஸா அடக்கம் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. கடைத்தெரு நெடுக வெள்ளைக் கொடிகள். எங்கள் கார்கள் பள்ளிவாசல் பாதையில் வரிசையாக நின்றன. ஷட்டரில் எழுதியவர்களும் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பும்போது சிலருக்கு ஒரு யோசனை: எல்லாரும் ஒரே நேரத்தில் எஞ்சினை உறுமவிட்டு, டயரைப் புகையவைத்து ராத்தாவுக்கு மரியாதை செய்வோம். வெளிநாட்டில் அப்படிச் செய்கிறார்களாம். ரஷீத் நானா வாழ்நாளில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவர்களின் நடுவில் போய் நின்றார்.

"அவக்கு அந்தச் சத்தம் புடிக்கும், மகன். ரோட்டுல புடிக்காது. சாவியக் கழட்டுங்க."

கழற்றினார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு காராக, சத்தமில்லாமல் போனது.

இப்போது குழுவுக்கு ஒரு புது யோசனை. சவன் முறை பழையதாம். கராஜிலிருந்து ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் கையில் அனுமதிப் பட்டி கட்டிவிடுவார்களாம். யாருடைய சாவியையும் வாங்கவேண்டியதில்லையாம். விருந்தினர்களைக் காக்கவைப்பது அழகில்லையாம். அதே கூட்டத்தில், எல்லாக் கார்களிலும் ராத்தாவின் படத்தை ஒட்டுவதென்றும் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். அவருடைய முறையைத் தூக்கி எறிந்துவிட்டு அவருடைய முகத்தை மட்டும் ஒட்டிக்கொள்ள நான் விடமாட்டேன். படம் வேண்டுமானால் சவனும் வேண்டும். சவன் வேண்டாம் என்கிறவர்கள் படத்தைக் கழற்றிவிட்டு வரட்டும், அல்லது வராமல் இருக்கட்டும். குழு என்னை நீக்கலாம். நீக்கினாலும் சுண்ணாம்புக் கோட்டில் போய் நிற்பேன். ராத்தாவின் வேன் இன்னும் ஓடுகிறது. மெதுவாக ஓட்ட எனக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை ரஷீத் நானாவின் வீட்டுக்குப் போனேன். இங்கே எழுதியதையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "அவ அண்டைக்கே சொன்னா," என்றார்.  ஒன்றரை வருடமாக அந்த மனிதருக்குத் தெரியும். இரங்கல் கூட்டத்தில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. உள்ளே போய், விளிம்பு நசுங்கிய அந்தச் சவனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குத்தான் தருகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"இல்ல மாஸ்டர். இத நான் கொண்டு வாறன். ஞாயித்துக்கிழம மேசைல நான் இருப்பன். நீங்க மைக்க மட்டும் புடிங்க."

அது சரி. அது என் கைக்கு வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சவனில் விழுகிற முதல் சாவி என்னுடையதாக இருக்கும். பதினைந்து எண்ணுவதற்குள் என் பெடல் இறங்கினால் நான் கொடி பிடிப்பேன். டயர் முதலாளிக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். நடந்தது இது, எழுதப்போகிறேன், வருவதென்றால் சாவியோடு வாருங்கள் என்றேன். அவர் பிரேக் ஒயில் மாற்றிவிட்டு வருவதாகச் சொன்னார். இந்த முறை சேர் என்று கூப்பிடவில்லை.

சவன் ரஷீத் நானாவிடம் இருக்கிறது. கடை இருக்கிறது, வேன் இருக்கிறது. எனக்கென்று ராத்தா கொடுத்தது ஒன்றுதான். அலுவலக வாசலில், வேன் கதவைத் திறந்துகொண்டே கொடுத்தது. அந்த வெட்கத்தைத் தொலைக்கவில்லை, ராத்தா. வைத்திருக்கிறேன்.